நீர்க்கடுப்பு என்று வருகிறவர்கள்

மாதவிடாய் நிற்கிற காலத்தில் பெண்களைப் பாடாய்ப்படுத்தும் உடல் கொதிப்பும் இரவு வியர்வையும் பெரும்பாலானவர்களுக்குச் சில ஆண்டுகளில் தணிந்துவிடும். யோனி வறட்சி அப்படித் தணிவதில்லை. தாமதமாகத்தான் தொடங்கும், தொடங்கிவிட்டால் தானாக நிற்காது, வயது ஏற ஏறக் கூடும். அமெரிக்காவில் நடுவயதுப் பெண்களை 1996 முதல் பல்லாண்டு பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வில், 42 முதல் 53 வயதுக்குள் இருந்தபோது ஐந்தில் ஒருவருக்கு இந்த வறட்சி இருந்தது. அவர்களே 57 வயதைத் தாண்டியபோது மூன்றில் ஒருவருக்கு இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பலன் தரும் மருந்தைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர்.

கூச்சம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. நம் ஊர்ப் பெண்கள் மருத்துவமனைக்குப் போகாமல் இல்லை. போய், “நீர்க்கடுப்பு”, “கீழே ஒரே எரிச்சல்”, “உட்கார முடியல, அரிக்குது”, “சூடு பிடிச்சிருக்கு” என்றெல்லாம் சொல்லத்தான் செய்கிறார்கள். கேட்டுக்கொள்கிற மருத்துவர் நீர்க்கடுப்புக்கு ஒரு ஆன்டிபயாட்டிக், அரிப்புக்கு ஒரு பூஞ்சைக் களிம்பு எழுதித் தருகிறார். இரண்டு மாதத்தில் அதே பெண் திரும்ப வருகிறார். வறட்சி என்பதைப் படுக்கையறைத் தொல்லையாக மட்டுமே பார்க்கும் பழக்கம் மருத்துவத்துக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. கணவரை இழந்தவர், தனித்து வாழ்கிறவர், எழுபதைக் கடந்தவர் ஆகியோருக்கு இப்படி ஒன்று இருக்கலாம் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. மாதவிடாய் நிறுத்தத்துக்கான வட அமெரிக்கச் சங்கமும் பெண்களின் பாலியல் நலத்துக்கான சர்வதேச அமைப்பும் சேர்ந்து 2014இல் இந்த நோய்நிலைக்குப் புதுப் பெயர் சூட்டின. பிறப்புறுப்பையும் சிறுநீர்ப் பாதையையும் அந்தப் பெயரில் சேர்த்தே வைத்தார்கள். அப்படிச் சேர்த்ததற்கு உடற்கூற்றில் காரணம் இருக்கிறது.

யோனிச் சுவரில் சுரப்பிகள் கிடையாது. அங்கே இருக்கும் ஈரம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. கருப்பை வாயின் சளி ஒன்று. வாயிலருகே உள்ள பார்த்தோலின் சுரப்பிகளின் சிறு பங்கு இன்னொன்று. இவற்றைவிட முக்கியமானது, சுவருக்குப் பின்னாலுள்ள ரத்த நுண்குழாய்களிலிருந்து சுவர் வழியே கசியும் நீர். உணர்ச்சி மிகும்போது ரத்த ஓட்டம் கூடிச் சுவரில் வியர்வைத் துளிகளாக நீர் அரும்புவதை மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆய்வகத்தில் நேரில் கண்டு 1966இல் நூலாகவே வெளியிட்டனர். இந்தக் கசிவுக்கு வேண்டிய ரத்த ஓட்டம், சுவரின் தடிமன், மடிப்பு, நெகிழ்ச்சி எல்லாமே ஈஸ்ட்ரோஜென் தயவில் நடப்பவை. சினைப்பை ஓய்ந்ததும் சுவர் மெலிகிறது, மடிப்புகள் மறைகின்றன, லேசாக உரசினாலே ரத்தம் கசிகிறது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றமும் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜென் இருக்கும் வரை சுவரின் செல்களில் கிளைக்கோஜென் சேர்ந்திருக்கும். லாக்டோபாசில்லஸ் என்னும் நல்ல கிருமிகள் அதை நம்பிப் பிழைத்து, பதிலுக்கு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதனால் அந்த இடத்தின் பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை புளிப்பாகவே இருக்கும். கிளைக்கோஜென் குறைந்தால் நல்ல கிருமிகள் குறையும், பி.எச். 5ஐத் தாண்டும், குடலிலிருந்து வரும் ஈ.கோலை போன்றவை அங்கே தடையில்லாமல் குடியேறும். சிறுநீர்த் துவாரம் அடுத்த வாசல்தான். சிறுநீர்த் தாரையும் மூத்திரப்பையின் அடிப்பகுதியும்கூட ஈஸ்ட்ரோஜெனுக்குக் கட்டுப்பட்டவை. கருவில் இவையும் யோனியின் கீழ்ப்பகுதியும் ஒரே மூலத்திலிருந்து உருவாகின்றன. ஆகவே வறட்சி வந்த பெண்ணுக்கு அடிக்கடி மூத்திரம் முட்டுவதும், அடக்க முடியாமல் போவதும், திரும்பத் திரும்பக் கிருமித்தொற்று வருவதும் ஒரே குறைபாட்டிலிருந்து கிளைப்பவை.

இதை நிரூபித்த ஆய்வுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ரால் ராஸ், வால்டர் ஸ்டாம் இருவரும் 1993இல் ‘நியூ இங்கிலாந்து’ மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும், மாதவிடாய் நின்ற 93 பெண்களில் ஒரு பிரிவினருக்கு எஸ்ட்ரியால் களிம்பும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுக் களிம்பும் கொடுத்தார்கள். வெற்றுக் களிம்பு வைத்தவர்களுக்கு ஆண்டுக்கு ஆளுக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று வந்தது. எஸ்ட்ரியால் வைத்தவர்களுக்கு 0.5 முறைதான் வந்தது. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி நாடெங்கும் கவலைப்படும் காலத்தில், தொற்று வராமலே தடுக்கும் ஒரு களிம்பு பெரும்பாலான மருந்துச்சீட்டுகளில் இடம்பெறாமல் இருப்பது எனக்குப் புரியவில்லை. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் இதைத் தன் பரிந்துரைகளில் சேர்த்திருக்கிறது, 2025இல் இந்த நோய்நிலைக்கென்றே தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. படுக்கையறையில் தேங்கிய கேள்வி இப்படிச் சிறுநீரக மருத்துவர் வழியாக வெளியே வந்திருக்கிறது.

பூஞ்சைக் களிம்பின் கதையும் இதே போலத்தான். காண்டிடா பூஞ்சை ஈஸ்ட்ரோஜென் உள்ள, கிளைக்கோஜென் நிறைந்த சுவரில்தான் நன்றாக வளரும். ஹார்மோன் எடுத்துக்கொள்ளாத, சர்க்கரை நோயும் இல்லாத அறுபது வயதுப் பெண்ணுக்கு அந்தப் பூஞ்சை அரிதாகவே வரும். அவருக்கு அரிப்பு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வறட்சியை. சர்க்கரை நோய் இருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 என்றே பல கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. மேலை நாடுகளில் அது 51. அப்படியானால் இங்கே ஒரு பெண் ஈஸ்ட்ரோஜென் இல்லாமல் வாழும் காலம் நான்கைந்து ஆண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. கர்ப்பப்பை நீக்கும் பழக்கம் இதை இன்னும் முன்னே இழுக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளில் ஆந்திரமும் தெலங்கானாவும் இந்த அறுவையில் முன்வரிசையில் நிற்கின்றன. ரத்தப்போக்கு, வெள்ளைப்படுதல், அடியிறக்கம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக “கர்ப்பப்பையை எடுத்தாச்சு” என்று சொல்லும் பெண்ணிடம் சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று கேட்டால் பல நேரம் அவருக்கே தெரிந்திருக்காது. எடுத்திருந்தால் ஹார்மோன் ஒரே நாளில் அறுந்திருக்கும். இயல்பாக ஓய்கிற உடலுக்குக் கிடைக்கும் அவகாசம் அவருக்குக் கிடைத்திருக்காது. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பில் இந்த ஒரு வரியைத் தெளிவாக எழுதித் தருவது மருத்துவமனைகளுக்கு ஒன்றும் பெரிய வேலையல்ல.

வேறு நோய்களுக்கான சிகிச்சையாலும் வறட்சி வரும். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல் மாத்திரைகள் உடலில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜெனையும் வற்றச் செய்கின்றன. கருப்பை வாய்ப் புற்றுக்குத் தரும் கதிர்வீச்சு சினைப்பையை ஓய்வித்துவிடும், யோனிச் சுவரையும் சுருக்கும். கதிர்வீச்சு முடிந்த பிறகு சுவர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விரிப்பான் கருவியை முறையாகப் பயன்படுத்தச் சொல்வது சிகிச்சையின் ஒரு பகுதி. சொல்லப்படாமல் விடுபடுவதும் நடக்கிறது. எண்டோமெட்ரியோசிஸுக்குப் போடும் சில ஊசிகள், சளிக்கும் ஒவ்வாமைக்கும் சாப்பிடும் ஆன்டிஹிஸ்டமின், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. கண்ணும் வாயும் சேர்ந்தே வறண்டிருந்தால் ஜோகிரன் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்மாரைத் தனியே சொல்ல வேண்டும். புரோலாக்டின் உயர்ந்திருக்கும் மாதங்களில் சினைப்பை அடங்கியே கிடக்கும். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் யோனிச் சுவர் அப்போது மாதவிடாய் நின்றவருடையதைப் போல மெலிந்திருக்கும். தையல் போட்ட இடம் சரியாகவில்லை என்றோ, தனக்கு ஆசையே போய்விட்டது என்றோ அவர் நினைத்துக்கொள்வார். வீட்டில் இருப்பவர்களும் அப்படியே நினைப்பார்கள். பாலூட்டல் குறைந்து மாதவிடாய் திரும்பினால் பெரும்பாலும் இது தானே சரியாகிவிடும். இதைப் பிரசவ வார்டிலேயே ஒருவர் சொல்லிவிட்டால் பல வீடுகளில் வருகிற மனக்கசப்பு வராது.

ஹார்மோன் குறைவே இல்லாமலும் உறவின்போது வறட்சி இருக்கும். அவசரம், பயம், விருப்பமின்மை எதுவானாலும் ரத்த ஓட்டம் கூட நேரம் கிடைக்காது, கசிவும் வராது. வலித்தால் இடுப்புத் தசை இறுகும், இறுகினால் வலி கூடும், அடுத்த முறை வலியை எதிர்பார்த்தே உடல் இறுகும். இங்கே களிம்பால் பயன் குறைவு. இடுப்புத் தசைகளைத் தளர்த்தப் பழக்கும் இயன்முறை மருத்துவரும் பொறுமையான துணையும்தான் வேண்டும்.

காரணம் எதுவாக இருந்தாலும், நிலைமையைத் தவறாமல் மோசமாக்குவது கழுவும் பழக்கம். எரிச்சல் வந்தால் அழுக்கு என்று நினைத்து சோப்பு, கிருமிநாசினித் திரவம், ‘அந்தரங்கச் சுத்தம்’ என்று விளம்பரம் வரும் பாட்டில் என ஒவ்வொன்றாக உள்ளே போகிறது. படிகார நீரும் உண்டு. படிகாரம் துவர்ப்பது, திசுவை இறுக்கிக் காய வைப்பது. ஏற்கெனவே வறண்ட சுவருக்கு அதைப் போல் கெடுதல் வேறில்லை. யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைப்பவை இரு வகை. உறவின்போது மட்டும் வழுக்கலுக்குத் தடவும் ஜெல் ஒன்று. உறவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் வாரத்தில் இரண்டு மூன்று முறை உள்ளே வைத்து ஈரத்தைப் பிடித்து நிறுத்தும் மாய்ஸ்சரைசர் மற்றொன்று. பாலிகார்போபில், ஹையலுரானிக் அமிலம் போன்றவை கலந்தவை இரண்டாம் வகை. முகத்துக்குப் பவுடர் போடுவதும் கால் வெடிப்புக்குத் தினமும் எண்ணெய் தடவுவதும் எப்படி வேறோ, அப்படித்தான் இவையும். விதவைப் பெண்ணிடம் முதல் வகையை எழுதித் தந்தால் அவர் மனம் நோகும், எரிச்சலும் தீராது. அவருக்கு வேண்டியது இரண்டாவது.

ஜெல்லில் கவனிக்க வேண்டியது அதன் அடர்த்தி. கிளிசரின் அதிகமுள்ள ஜெல் செல்களிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். அப்போதைக்கு வழுவழுப்பாக இருக்கும், அடுத்த நாள் எரியும். உலக சுகாதார நிறுவனம் 2012இல் தந்த குறிப்பில் சவ்வூடு அடர்த்தி கிலோவுக்கு 380 மில்லி ஆஸ்மோலுக்குள் இருப்பது நல்லது என்றும், இயலாதபோது 1200 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும், பி.எச். 4.5 அருகே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கடையில் விற்கும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இந்த எண் இருக்காது. சேர்மானப் பட்டியலில் முதல் இடங்களில் கிளிசரின் இருக்கிறதா என்று பார்ப்பதே நம்மால் முடிந்தது. தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்காதவர் இல்லை. பலருக்கு ஒத்துக்கொள்கிறது, செலவும் இல்லை. ஆனால் ஆணுறையின் ரப்பரை எண்ணெய் எளிதில் பலவீனமாக்கிவிடும், கர்ப்பமாகும் வாய்ப்புள்ளவர்கள் மறக்கக் கூடாது. மெலிந்த சுவரைத் தேங்காய் எண்ணெய் தடிக்க வைக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஹார்மோன் களிம்பு இந்த மாய்ஸ்சரைசரை விட உண்மையிலேயே மேலா? இந்தக் கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வு 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழில் வந்தது. மாதவிடாய் நின்ற 302 பெண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியால் மாத்திரை, இன்னொன்றுக்கு மாய்ஸ்சரைசர், மூன்றாவதற்கு மருந்தில்லாத மாத்திரையும் ஜெல்லும் கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் மூன்று பிரிவிலும் தொல்லை ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. “எதைத் தடவினாலும் ஒன்றுதான்” என்று இதைப் படித்தவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. வெற்று ஜெல்லுக்கும் ஈரம் உண்டு, வாரம் தவறாமல் அக்கறையோடு தடவுவதற்கும் பலன் உண்டு என்று அது காட்டுகிறது. மிதமான தொல்லைக்கு விலை குறைந்த மாய்ஸ்சரைசரில் தொடங்குவது நியாயம் என்றும் காட்டுகிறது. ஆனால் சுவரின் செல்களும் பி.எச். அளவும் பழைய நிலைக்குத் திரும்புவது ஈஸ்ட்ரோஜெனால்தான். ராஸ், ஸ்டாம் கண்ட தொற்றுக் குறைவு வெற்றுக் களிம்பால் வரவில்லை. 30 சோதனைகளையும் 6,235 பெண்களையும் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, களிம்பு, மாத்திரை, வளையம் எந்த வடிவமானாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்றும், வெற்று மருந்தை விட மேல் என்றும் சொன்னது. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறவரையும் மாய்ஸ்சரைசர் மூன்று மாதமாகியும் எடுபடாதவரையும் காத்திருக்க வைப்பதில் அர்த்தமில்லை.

நம் ஊரில் மருத்துவர்கள் அதிகம் எழுதுவது எஸ்ட்ரியால் களிம்பு. முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் இரவில் அரை மில்லிகிராம், பிறகு வாரத்துக்கு இரண்டு இரவு என்பது வழக்கமான முறை. செலுத்தும் குழாய் வலித்தால் விரலால் வாயிலருகே தடவினாலும் ஆகும். எரிச்சல் குறையச் சில வாரம் பிடிக்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகும். ஒரு குழாய் தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். நிறுத்தினால் வறட்சி திரும்பும்.

நிறுத்துவதற்குப் பயமும் காரணம். பெட்டியைத் திறந்தால் உள்ளே மடித்து வைத்த தாளில் புற்று, பக்கவாதம், ரத்தக்கட்டி என்று வரிசையாக இருக்கும். அந்தப் பயத்தின் வேர் 2002 ஜூலையில் இருக்கிறது. அமெரிக்காவின் ‘பெண்கள் நல முன்முயற்சி’ ஆய்வில் 16,608 பெண்கள் பங்கேற்ற பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை வாயால் சாப்பிட்ட 50 முதல் 79 வயதுப் பெண்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்று கூடுதலாக வந்தது. செய்தி உலகெங்கும் பரவியது. வாயால் விழுங்கும் மாத்திரைக்கான எச்சரிக்கையை அப்படியே யோனிக் களிம்பின் தாளிலும் அச்சடித்தார்கள். இரண்டுக்கும் அளவில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: 10 மைக்ரோகிராம் யோனி மாத்திரையை முறைப்படி ஓராண்டு முழுக்க வைத்தாலும் உள்ளே போவது மொத்தம் 1.14 மில்லிகிராம் எஸ்ட்ராடியால். வாயால் சாப்பிடும் மாத்திரையில் அதை ஒரே நாளில் விழுங்கிவிடுவார்கள்.

அதே பெண்கள் நல முன்முயற்சியின் மற்றொரு பிரிவில், 45,663 பெண்களைச் சராசரியாக ஏழாண்டு பார்த்த முடிவு 2018இல் வந்தது. யோனி ஈஸ்ட்ரோஜென் வைத்தவர்களுக்கு மார்பகப் புற்றோ, கருப்பைப் புற்றோ, மாரடைப்போ, பக்கவாதமோ கூடவில்லை. பிரிட்டனில் 2022 முதல் ஐம்பது வயது தாண்டி மாதவிடாய் நின்ற பெண்கள் இந்த 10 மைக்ரோகிராம் மாத்திரையை மருந்தாளுநரிடம் பேசிச் சீட்டில்லாமலே வாங்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கட்டம் கட்டிய அந்த எச்சரிக்கையை நீக்கப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. 2002க்கும் 2025க்கும் இடைப்பட்ட காலத்தில் களிம்பை வாங்கி, தாளைப் படித்து, அலமாரியில் வைத்துவிட்ட பெண்கள் எத்தனை பேர் என்று எந்த ஆய்வும் கணக்கெடுத்துச் சொல்லிவிட முடியாது.

மார்பகப் புற்றிலிருந்து மீண்டவர்களுக்கு மட்டும் பதில் இவ்வளவு எளிதல்ல. டென்மார்க்கில் 8,461 பெண்களைப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், யோனி ஈஸ்ட்ரோஜெனால் மொத்தத்தில் புற்று திரும்புவது கூடவில்லை, மரணமும் கூடவில்லை. ஆனால் அனாஸ்ட்ரோசோல் வகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே களிம்பும் வைத்தவர்களிடம் புற்று திரும்புவது கூடியிருந்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளின் 49,237 நோயாளிகளின் பதிவுகள் 2023இல் வெளிவந்தபோது அவற்றில் மார்பகப் புற்று மரணம் கூடியதற்குச் சான்றில்லை. ஆகவே இவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசர்தான் முதல் படி. அது போதாதபோது புற்று மருத்துவரும் பெண்கள் நல மருத்துவரும் அவரவர் துறைக்குள் ஒதுங்கிக்கொள்ளாமல் நோயாளியோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

வறட்சிக்கு வேறு மருந்துகளும் உண்டு. ஆஸ்பெமிஃபின் என்ற வாய்வழி மாத்திரைக்கு அமெரிக்கா 2013இல் அனுமதி தந்தது, பிராஸ்டெரோன் என்ற யோனி மருந்துக்கு 2016இல். இரண்டும் வேலை செய்கின்றன, விலைதான் கூடுதல். லேசர் சிகிச்சை வேறு ரகம். பெருநகர அழகியல் மையங்கள் ‘புத்துணர்வு’ என்ற பெயரில் பல்லாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இதைச் செய்கின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இலேயே எச்சரித்தது. சிட்னியில் 85 பெண்களை வைத்து நிஜ லேசரையும் போலி லேசரையும் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. பல்லாயிரம் ரூபாய் செலவழிக்க அது போதுமான ஆதாரமாக எனக்குப் படவில்லை.

வறட்சி என்று முடிவுகட்டுவதற்கு முன் மருத்துவர் ஒரு முறை கண்ணால் பார்த்தாக வேண்டும். வெளித்தோல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக, காகிதம் போல மெலிந்து, கடுமையாக அரித்தால் அது லைக்கென் ஸ்க்லீரோசஸாக இருக்கலாம். அதற்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பு வேண்டும், அதில் பின்னால் புற்றாக மாறும் சிறு வாய்ப்பு உண்டு என்பதால் தொடர்ந்து பார்க்கவும் வேண்டும். ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வறட்சியில் கீறிக்கொண்டது என்று களிம்பைத் தடவிவிட்டு இருந்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது வறட்சியால் வந்ததாகவே இருக்கும். என்றாலும் கருப்பை உட்சுவர்ப் புற்று தன்னைக் காட்டிக்கொள்ளும் முதல் அடையாளமும் அதுதான். அதனால் ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிமனைப் பார்த்த பிறகே களிம்பைத் தொடங்குவார்கள்.